நிழலும் தமரும்: ஷாமிஸோ முதல் தாமஸ் மன் வரை ஜெர்மானிய இலக்கியத்தில் சாத்தான்

முன்னுரை

சாத்தானோடு மனிதன் செய்துகொள்ளும் உடன்படிக்கை, ஐரோப்பிய இலக்கியத்தின் நெடிய மரபுகளுள் ஒன்று. அறிவு வேட்கை, அதிகார வேட்கை, இன்ப வேட்கை ஆகிய மூன்றுமே அவ்வுடன்படிக்கைக்கான காரணங்களாகப் பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளன. நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. ஒரு கூட்டத்தாரால் தம்முள் ஒருவராக ஏற்கப்பட வேண்டும் என்னும் வேட்கையே அது. அதனைக் குறிக்கத் தமிழில் 'தமர்' என்னும் பழஞ்சொல் துணைசெய்கிறது. தம்மைச் சேர்ந்தோர் தமர், சேராதோர் ஏதிலர். ஏதிலராய் நிற்கும் ஒருவர் தமராக விழைவதைத் 'தமராதல் வேட்கை' என இக்கட்டுரை குறிக்கிறது.

அடெல்பெர்ட் ஃபொன் ஷாமிஸோ எழுதி 1814இல் வெளிவந்த 'பீட்டர் ஷ்லெமீலின் வியத்தகு கதை' என்னும் குறுநாவலில் இவ்வேட்கை சாத்தான் கதையின் நடுப்பொருளாகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. அந்நூல் தோன்றிய வரலாற்றுச் சூழல் முதலில் ஆராயப்படுகிறது. பின்னர், 1936, 1947 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரு நாவல்களில் அப்பொருள் அடைந்த மாற்றம் ஒப்பிடப்படுகிறது. இவ்வரலாற்றில் தமிழ்ச் சொல் ஒன்று பெற்ற இடமும், 'நிழல்' என்பதைத் தமிழ் வாசகர் எவ்வாறு பொருள்கொள்ளக்கூடும் என்பதும் இறுதியில் கருதப்படுகின்றன.

1. உடன்படிக்கை மரபு

ஃபவுஸ்ட் கதையின் முதல் அச்சு வடிவம் 1587இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் யோஹான் ஷ்பீஸ் என்பாரின் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. குருதியில் எழுதிய ஒப்பந்தம், இருபத்துநான்கு ஆண்டுத் தவணை, முடிவில் ஆன்மாவை இழத்தல் ஆகியவை அதன் அடிப்படைக் கூறுகள். ஆங்கில நாடகாசிரியர் கிறிஸ்தோபர் மார்லோ அதனை மேடைக்குக் கொணர்ந்தார். கதேயின் 'ஃபவுஸ்ட்' முதற்பாகம் 1808இலும், இரண்டாம் பாகம் அவர் மறைவுக்குப் பின் 1832இலும் வெளிவந்தன. கதேயிடம் ஒப்பந்தம் பந்தயமாக மாறியது.

இவ்வடிவங்கள் அனைத்திலும் பொதுவான ஒரு கூறு உண்டு. ஃபவுஸ்ட் ஒரு பேரறிஞன், பட்டம் பெற்றவன், மாணவர் சூழ வாழ்பவன். ஊரில் அவனுக்கு இடமும் மதிப்பும் உள்ளன. அவ்விடம் அவனுக்குப் போதாமற்போவதே சாத்தான் நுழைவதற்கான வாயில். உள்ளே இருப்பவன் மதிலைத் தாண்ட விழைவதே ஃபவுஸ்ட் கதை. கதேயின் முதற்பாகம் வெளிவந்த ஆறாவது ஆண்டில் ஷாமிஸோ படைத்த கதைமாந்தனோ மதிலுக்கு வெளியே நிற்பவன். அவன் விழைவது உள்ளே நுழைவதையே.

2. இரு நாடுகளுக்கிடையில் ஓர் ஆசிரியர்

ஷாமிஸோ பிறப்பால் பிரெஞ்சுக்காரர். 1781இல் ஷாம்பேன் பகுதியைச் சேர்ந்த பொங்கூர் மாளிகையில் உயர்குடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறிப் பல ஊர்களில் அலைந்து, 1796இல் பெர்லினை அடைந்தது. அங்கே பிரஷ்ய அரசியின் ஏவற்சிறுவராக அமர்ந்த அவர், 1798இல் பிரஷ்யப் படையில் சேர்ந்தார். பின்னாளில் குடும்பத்தார் பிரான்சு திரும்பியபோதும் அவர் பெர்லினிலேயே தங்கினார். பதின்ம வயதில் கற்ற ஜெர்மன் மொழியிலேயே எழுதினார். ஃபார்ன்ஹாகன் என்பாரோடு இணைந்து 1804 முதல் 1806 வரை ஓர் ஆண்டுக் கவிதைத் தொகுப்பையும் நடத்தினார்.

1806இல் ஹாமெல்ன் கோட்டை நெப்போலியன் படையிடம் சரணடைந்தபோது, அக்கோட்டையைக் காத்துநின்ற பிரஷ்யப் படையில் அவரும் இருந்தார். பிரான்சில் பிறந்தவர், பிரான்சிடம் தோற்ற படையின் அதிகாரி. அடுத்த சில ஆண்டுகளை இரு நாடுகளுக்கும் இடையில் கழித்தார். பிரான்சில் தாம் ஜெர்மானியர், ஜெர்மனியில் பிரெஞ்சுக்காரர், எங்கும் தமக்கு இடமில்லை எனப் பொருள்பட மதாம் த ஸ்தாயெலுக்கு அவர் எழுதியது பலராலும் எடுத்துக்காட்டப்படும் செய்தி.

1812இல் புதிய பெர்லின் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயிலத் தொடங்கினார். மறு ஆண்டு பிரஷ்யா பிரான்சுக்கு எதிராகப் போர் தொடுத்தது. நண்பர்களும் உடன் பயின்றோரும் படையில் சேர்ந்தனர். போர் எழுச்சியில் திளைத்த பெர்லினில் பிரெஞ்சுப் பிறப்புடைய ஒருவருக்கு எப்பக்கத்திலும் இடமில்லை. நண்பர்களின் ஏற்பாட்டால், பெர்லினுக்குக் கிழக்கே குனர்ஸ்டார்ஃப் என்னும் ஊரில் ஒரு பிரபுவின் பண்ணையில் தாவரங்களை ஆராய்ந்தவாறு அக்கோடையைக் கழித்தார். பீட்டர் ஷ்லெமீலின் கதை எழுதப்பட்டது அங்கேதான். நண்பர் ஃபூக்கேயின் முயற்சியால் அது 1814இல் நியூரம்பர்க்கில் அச்சேறியது. 1820களில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஃபூக்கேயையே நூலாசிரியராகக் காட்டியது. நிழலை இழந்தவனின் கதையை எழுதியவர், அயல்மொழியில் தம் பெயரையும் சிறிது காலம் இழந்திருந்தார்.

3. பேரம்

கதைமாந்தன் ஷ்லெமீல் ஏழை இளைஞன். கப்பலில் வந்திறங்கி, அறிமுகக் கடிதம் ஒன்றைக் கையில் ஏந்தி, தாமஸ் ஜான் என்னும் பெருஞ்செல்வரின் தோட்ட விருந்துக்குச் செல்கிறான். அங்கே யாரும் அவனைப் பொருட்படுத்தவில்லை. சாம்பல்நிறக் கோட்டணிந்த ஒருவரும் அங்கிருக்கிறார். விருந்தினர் வேண்டும்போதெல்லாம் அவர் தம் சட்டைப்பையிலிருந்து பொருள்களை எடுத்துத் தருகிறார். காயத்துக்கான பட்டையில் தொடங்கி தொலைநோக்கி, கம்பளம், கூடாரம் என வளர்ந்து, முடிவில் சேணம் பூட்டிய மூன்று குதிரைகளும் அப்பையிலிருந்து வெளிவருகின்றன. அதைக் கண்டு எவரும் வியக்கவில்லை. அவர் யாரென்று எவரும் கேட்கவுமில்லை.

இத்தொடக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பழைய கதைகளில் சாத்தான் நள்ளிரவில், நாற்சந்தியில், மந்திர வட்டத்துக்குள் தோன்றுவான். இங்கோ பட்டப்பகலில், சமூகத்தின் நடுவே, பணிவுமிக்க ஏவலாளனாக நிற்கிறான். அவன் அங்கிருப்பதைச் சமூகம் உணர்வதில்லை. உணர்பவன் உள்ளே இடம் கிடைக்காத ஷ்லெமீல் ஒருவனே.

சாம்பல்நிற மனிதர் கேட்பது ஆன்மாவையன்று, நிழலை மட்டுமே. விலையாக, எடுக்க எடுக்கக் குறையாத பொற்பை ஒன்றைத் தருகிறார். ஷ்லெமீல் இசைந்தவுடன் அவனது நிழலைப் புல்தரையிலிருந்து உரித்துச் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்கிறார். ஷ்லெமீல் ஊருக்குள் காலடி வைத்த கணத்திலேயே ஒரு மூதாட்டி நிழலின்மையைச் சுட்டிக்காட்டுகிறாள்; காவலன் வினவுகிறான்; பள்ளிச் சிறுவர் எள்ளி நகையாடுகின்றனர். அவனை விலக்கும் சட்டமோ ஆணையோ எதுவுமில்லை. தமர் யார், ஏதிலர் யார் என்பதைத் தெருவே தீர்மானிக்கிறது.

பொன்னால் மாளிகையும் பட்டமும் வாங்க முடிகிறது. வேறோர் ஊரில் மக்கள் அவனைப் பெருமகனாகவே கொண்டாடுகின்றனர். ஆனால் காட்டதிகாரியின் மகள் மீனாவை அவன் மணக்கவிருக்கும் வேளையில் வேலைக்காரன் ராஸ்கல் அவனது குறையை வெளிப்படுத்திவிடுகிறான். ஓராண்டும் ஒரு நாளும் கழிந்தபின் சாம்பல்நிற மனிதர் மீண்டும் வந்து உண்மையான பேரத்தை முன்வைக்கிறார். ஆன்மாவை எழுதிக்கொடுத்தால் நிழல் திரும்பக் கிடைக்கும். ஃபவுஸ்ட் மரபு இங்கே தலைகீழாகிறது. சாத்தான் இப்போது விற்க வந்திருப்பது அறிவையோ இன்பத்தையோ அன்று, தமராகும் உரிமையை. அவ்வுரிமையின் இழப்பை முதலில் உண்டாக்கியவனும் அவனே.

ஷ்லெமீல் மறுக்கிறான். மறுப்பை முழுமையாக்குவது தாமஸ் ஜானின் முடிவு. விருந்து நடத்திய அச்செல்வருக்கு என்ன நேர்ந்தது என வினவும்போது, சாத்தான் தன் பையிலிருந்து அவரது வெளிறிய உருவத்தை வெளியே எடுத்துக் காட்டுகிறான். சமூகத்தின் நடுவில் இருந்தவரே சாத்தானின் பைக்குள் அடங்கியிருந்தார். ஷ்லெமீல் பொற்பையைப் பாதாளத்தில் எறிந்து சாத்தானை விலக்குகிறான்.

அதன்பின் தற்செயலாகக் கிடைத்த ஏழுகாத மிதியடிகளால் அவன் உலகெங்கும் நடந்து தாவரங்களை ஆராய்கிறான். மலாக்கா தீபகற்பத்தையும் சுமத்ரா, ஜாவா, பாலி, லொம்பொக் தீவுகளையும் கடக்கிறான். ஆஸ்திரேலியாவை மட்டும் அடைய முடிவதில்லை. எனினும் ஆசிரியர் இதனை வெற்றியாகப் போற்றவில்லை. ஷ்லெமீலின் குடியிருப்பு எகிப்தின் தேபைது பாலைவனக் குகை. துணை ஒரு நாய். மனிதரிடையே வாழ விரும்புவோர் முதலில் நிழலையும் அடுத்துப் பணத்தையும் மதிக்கக் கற்க வேண்டும் என்னும் அறிவுரையோடு அவன் கதையை முடிக்கிறான். தமராதல் அற்பமானதன்று, அதன் இழப்பு மெய்யான இழப்பே என்பதை அவன் மறைக்கவில்லை. ஆனால் நிழல் வேறு, ஆன்மா வேறு. ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கலாம் என நம்பவைப்பதே சாத்தானின் தொழில்.

4. பெர்லினும் ஒரு தமிழ்ச் சொல்லும்

'ஷ்லெமீல்' என்பது யூதரின் பேச்சு வழக்கில் தொட்டதெல்லாம் துலங்காத பேதையைக் குறிக்கும் சொல். எபிரேயத்தில் அது கடவுளின் அன்புக்குரியவன் எனப் பொருள்படும் என்று ஷாமிஸோ தம் உடன்பிறந்தாருக்கு விளக்கியுள்ளார். பிரெஞ்சுப் பிரபு ஒருவர் தம் கதைமாந்தனுக்கு யூத வழக்குச் சொல்லைப் பெயராக்கியது தற்செயலன்று. அவருடைய நெருங்கிய நண்பரும் முதல் வரலாற்றாசிரியருமான ஹிட்ஸிக், யூதராய்ப் பிறந்து கிறித்தவம் தழுவியவர். அந்நாளைய பெர்லினில் தமராதல் என்பது ஓர் அரசியல் வினா. 1811இல் தோன்றிய 'கிறித்தவ ஜெர்மானிய விருந்துக் கழகம்' யூதரையும் மதம் மாறிய யூதரையும் விலக்கியது. 1812 மார்ச் 11ஆம் நாள் ஆணை, பிரஷ்ய யூதரைக் குடிமக்களாக ஏற்றது. ஆயினும் அரசுப் பதவிகளை அவர்களுக்கு முழுமையாகத் திறந்துவிடவில்லை. கதையின் பிற்பகுதியில் மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கும் ஷ்லெமீலை, நீண்ட தாடியைக் கண்டு யூதன் எனக் கருதுகின்றனர். பன்னிரண்டாம் எண் என்பதே அங்கு அவனது பெயர்.

இந்நகரில்தான் தமிழ்ச் சொல் ஒன்றும் அடுத்த பத்தாண்டுக்குள் மேடையேறியது. 'பறையர்' என்னும் சாதிப்பெயர் ஐரோப்பிய மொழிகளில் 'பாரியா' ஆகி, பெர்னார்தென் த சென்பியேர் 1791இல் வெளியிட்ட 'இந்தியக் குடிசை' என்னும் கதையால் பரவலாயிற்று. யூதரான மிக்கேல் பேயர் எழுதிய 'பாரியா' என்னும் நாடகம் 1823இல் பெர்லினில் அரங்கேறியது. இந்தியரை முன்னிறுத்திய அந்நாடகம் ஜெர்மானிய யூதரின் நிலையைப் பேசுவதாகவே கொள்ளப்பட்டது. அதே காலத்தில் கதே 'பாரியா' என்னும் முக்கவிதையை இயற்றினார். அதன் கதை, சொனெராவின் பயண நூல் வழியாக ஐரோப்பாவை அடைந்த மாரியம்மன் தொன்மம். வெட்டுண்ட இரு பெண்களின் தலையும் உடலும் மாறிப் பொருந்தும் கதை அது.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி, நாடற்றவராக நியூயார்க்கில் வாழ்ந்த ஹன்னா ஆரெண்ட் 1944இல் எழுதிய கட்டுரையில் இவ்விரு சொற்களும் ஒன்றுகூடின. 'பாரியாவாக யூதர்' என்னும் அக்கட்டுரை, ஹைனேயின் கவிதைகளில் வரும் ஷ்லெமீலை அம்மரபின் தொடக்கமாகக் கொள்கிறது.

தமிழியல் ஆய்வாளர் இவ்விடத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பா அச்சொல்லை உவமையாக்கிக்கொண்டபோது, அப்பெயருக்குரிய மக்கள் அதிலிருந்து மறைந்துபோயினர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. ஒருவர் இழிவாக்கப்பட்ட பெயரைத் தமதென உயர்த்தினார். மற்றவர் தமக்கு மறுக்கப்பட்ட பொதுப்பெயரைத் தமதென எடுத்தார். இருவரும் நிழலைக் கேட்டுப் பேரம் பேசவில்லை. நிழல் தம்மிடமே உள்ளது என்பதைப் பிறர் காணச் செய்தனர்.

5. பேரத்துக்கு இசைந்தோர்: 1936, 1947

1911இல் ஷாமிஸோ பற்றி எழுதிய கட்டுரையில் தாமஸ் மன், ஷ்லெமீலின் நிழல் சமூகத்தில் நிலைபெறுவதற்கும் மனிதரோடு சேர்ந்திருப்பதற்குமான குறியீடு என விளக்கினார். அவ்வுரை எழுதியவரும் அவர் மகனும் அடுத்த தலைமுறையில் அப்பொருளைத் தம் வாழ்விலேயே சந்திக்க நேர்ந்தது.

மகன் கிளவுஸ் மன் நாடுகடந்த நிலையில் எழுதிய 'மெஃபிஸ்டோ' 1936இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதே ஆண்டு இறுதியில் தந்தை தம் ஜெர்மன் குடியுரிமையை இழந்தார். நாவலின் கதைமாந்தன் ஹென்ட்ரிக் ஹொஃப்கன் ஒரு நடிகன். மேடையில் மெஃபிஸ்டோவாக நடித்துப் புகழ்பெறும் அவன், வாழ்வில் அதிகாரத்திடம் தன்னை விற்றுவிடுகிறான். அவனைத் தூண்டுவது கொள்கையன்று. புறக்கணிக்கப்படுவோம் என்னும் அச்சம். ஷ்லெமீல் மறுத்த இரண்டாம் பேரத்துக்கு ஹொஃப்கன் இசைகிறான். ஒரு மெய்யான நடிகரின் வாழ்வைத் தழுவியதாகக் கருதப்பட்டு இந்நூல் மேற்கு ஜெர்மனியில் தடைபட்டது. 1971இல் அரசமைப்பு நீதிமன்றமும் அத்தடையை நிலைநிறுத்தியது. 1981இல்தான் அது அங்கே மீண்டும் அச்சேறியது.

தந்தையின் 'டாக்டர் ஃபவுஸ்டஸ்' கலிஃபோர்னியாவில் 1943 முதல் எழுதப்பட்டு 1947இல் வெளிவந்தது. இசையமைப்பாளன் ஆட்ரியன் லெவர்கியூன், 1587ஆம் ஆண்டு நூலில் உள்ளவாறே இருபத்துநான்கு ஆண்டுத் தவணை பெறுகிறான். விதிக்கப்படும் நிபந்தனை புதியது: அவன் எவரையும் அன்பு செய்தல் ஆகாது. அக்கதையை எழுதிச்செல்பவர் அவனது நண்பர் ட்ஸைட்பிளோம். அவர் எழுதும் அறைக்கு வெளியே நாடே ஒரு வெறியில் ஒன்றுபட்டிருக்கிறது. ஒரே சாத்தான் ஒருவனுக்குக் குளிர்ந்த தனிமையையும், ஒரு தேசத்துக்கு மயக்கந்தரும் ஒருமையையும் விற்கிறான். தமராதல் வேட்கை தனிமனிதனைத் தாண்டி ஒரு மக்கள் திரளின் உடன்படிக்கையாவது இந்நாவலில்தான். 1945 மே மாதம் வாஷிங்டனில் ஆற்றிய உரையில், நல்ல ஜெர்மனி, தீய ஜெர்மனி என இரண்டில்லை, நல்லதே சாத்தானின் சூழ்ச்சியால் தீயதாயிற்று எனப் பொருள்படப் பேசி, அக்குற்றத்திலிருந்து தம்மையும் அவர் விலக்கிக்கொள்ளவில்லை.

6. தமிழில் நிழல்

இக்கதையைத் தமிழில் வாசிக்கும்போது 'நிழல்' என்னும் சொல் வேறொரு வாயிலைத் திறக்கிறது. ஷாமிஸோவின் மூலத்தில் அது ஒருவன் உடல் வீழ்த்தும் சாயை. தமிழிலோ சாயையும் அதுவே, பிறர் தரும் காப்பும் அதுவே. வெள்ளைக்குடி நாகனார் பாடிய புறப்பாட்டில் சோழனின் வெண்கொற்றக் குடை, வெயிலை மறைப்பதற்கன்றி வருந்தும் குடிகளைக் காப்பதற்கே உரியது. திருக்குறளின் உட்பகை அதிகாரத் தொடக்கக் குறள், நிழலையும் நீரையும் தமரோடு உவமித்து, இன்னாதன செய்யின் அவையும் இன்னாதனவே என்கிறது. நிழலும் தமரும் ஒரே குறளில் அருகருகே நிற்பதும், அவ்வுறவு தீங்காகவும் மாறக்கூடும் என எச்சரிக்கப்படுவதும் நம் ஆய்வுக்கு நேரடியாகப் பொருந்துகின்றன. மகாபாரத நளன் கதையில், நளனின் உருவில் நிற்கும் தேவர்களிடையே மெய்யான நளனைத் தமயந்தி அறிவதற்கு உதவும் அடையாளங்களுள் நிழலும் ஒன்று. தேவருக்கு நிழலில்லை; நிழலுடையவனே மனிதன்.

இக்கண்கொண்டு நோக்கினால் ஷாமிஸோவின் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்ச்சி துலக்கம் பெறுகிறது. ஷ்லெமீலின் உண்மை ஊழியன் பெண்டல், தன் தலைவனைவிட உயரமும் பருமனும் உடையவன். இடர் நேரும்போது அருகில் நின்று, தன் நிழலாலேயே அவனை மறைத்துக்கொள்கிறான். நிழலற்றவனுக்கு நிழல் தருபவன் ஒருவன் இருக்கிறான். பின்னாளில் எஞ்சிய பொன்னைக்கொண்டு மருத்துவமனை நிறுவி அதற்குத் தலைவனின் பெயரையே இடுபவனும் அவனே. சாத்தான் விற்கும் நிழலுக்கு மாற்று இது. இதனை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. ஒருவர் மற்றவருக்குத் தரலாம்.

முடிவுரை

ஃபவுஸ்ட் மரபில் மதிலைத் தாண்ட விழைந்தவனிடம் சென்ற சாத்தான், 1814இல் மதிலுக்கு வெளியே நின்றவனிடம் வந்தான். ஷ்லெமீல் நிழலை இழந்து ஆன்மாவைக் காத்தான். ஹொஃப்கன் ஆன்மாவைக் கொடுத்து நிழலைக் காத்தான். 'டாக்டர் ஃபவுஸ்டஸ்' நாவலில் ஒரு தேசமே அதைச் செய்தது. இம்மூன்று நூல்களும் தாய்நாட்டை விட்டு வாழ்ந்தவர்களால் எழுதப்பட்டவை என்பது கருதத்தக்கது.

புலம்பெயர்ந்த தமிழரிடையே இக்கதையை ஆராய்வோர் தம்மைப் பெரும்பாலும் ஷ்லெமீலின் இடத்திலேயே வைத்துப் பார்ப்பர். நிறம், பெயர், நாவின் ஒலிப்பு ஆகியவற்றால் நிழல் குறைந்தவராக மதிக்கப்பட்ட பட்டறிவு நம்முள் பலருக்கும் உண்டு. ஆயினும் அம்மூதாட்டியின் இடத்திலும் பள்ளிச் சிறுவரின் இடத்திலும் நாம் நிற்பதுண்டு. தமிழ் பேசத் தெரியாமல் நம் அரங்குகளுக்கு வரும் மூன்றாம் தலைமுறை இளைஞரின் காலடியில் நாம் எதைத் தேடுகிறோம்? நம்மிடையே சாதி கேட்டறியப்படும்போது தேடப்படுவது எது? தமிழர் யார் என வரையறுக்கும் ஆய்வுகள் நம் மாநாடுகளில் பல வந்துள்ளன. பெண்டலைப் போல் அருகில் நின்று நிழல் தந்தோரின் வரலாறு இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. புலம்பெயர் சங்கங்களின் குறிப்பேடுகள், தமிழ்ப் பள்ளிகளின் பதிவுகள், தோட்டத் தொழிலாளரின் கடிதங்கள் ஆகியவற்றிலிருந்து அவ்வரலாற்றைத் திரட்டும் பணி இனி வரும் ஆய்வாளருக்கு உரியது.